மூன்றாவது சீட்டு

அஸ்தம்பட்டி, சேலம்
21 ஜூலை 2025, திங்கள்

அன்புள்ள சின்னாயிம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் நான்சி அக்கா எழுத்துப் பட்டறையின் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார்கள். இந்தக் கடிதத்தையும் அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கூட்டிப் படிக்க வசதியாக எழுத்துகளைப் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் போட்டிருக்கிறேன்.

நேற்று நீங்கள் வரவில்லை. ஜன்னலோரப் பெஞ்சில் உங்கள் இடத்தை யாருக்கும் விடாமல் என் பையை வைத்திருந்தேன். மூன்றரைக்கு மேல் உபகாரசாமி தாத்தா, "பாப்பா, அந்தப் பையி கதை எழுதாது. எடுத்துட்டு யாரையாச்சும் உக்கார விடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எடுக்கவில்லை.

நீங்கள் வராததற்குக் காரணம் போன ஞாயிறு நடந்ததுதானோ என்று பயமாக இருக்கிறது. 13ஆம் தேதி குறிப்பை அப்படியே கீழே தருகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

"தேவாலயத்தின் பங்கு மன்றம், மாலை மூன்று மணி. மழை. வந்தவர்கள் பத்துப் பேர். எல்லோரும் ஐம்பது வயதுக்கு மேல், குறிப்பு எழுதும் லிடியா (பதினொன்றாம் வகுப்பு) தவிர. உபகாரசாமி தாத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தபோது தண்டவாளத்தில் கிடைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றி வாசித்தார். அடுத்து சின்னாயிம்மா. 'எனக்குத் தொண்டை அடைக்குது, நீ வாசி சாமி' என்று நோட்டை லிடியாவிடம் கொடுத்தார். லிடியா வாசித்தாள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து மகள் பிரபா அனுப்பிய மூன்று சீட்டுகளைப் பற்றிய கட்டுரை. நடுவில் இரண்டு வரிகள் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தன. லிடியா அவற்றையும் வாசித்தாள்: 'பூபதி சீட்டை மாத்தி வாசிச்சான். நான் படிச்சுப் பாத்ததுல நல்லா இருக்கேன்னு எங்கயும் இல்லை.' அப்போது வாசலில் மழைக்கோட்டோடு ஒருவர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். சின்னாயிம்மா எழுந்து போய்விட்டார்."

நம் பட்டறையில் தப்பாக எழுதினால் கிறுக்கி அழிக்கக் கூடாது, கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோடு போட வேண்டும், அடித்ததும் எழுத்துதான் என்று நான்சி அக்கா சொல்வார்களே. அதனால்தான் வாசித்தேன். வாசித்தது சரியா தப்பா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

உங்கள் குடை இங்கேதான் இருக்கிறது. நோட்டு வழக்கம்போல் மன்றத்து பீரோவில். சாவி என்னிடம்.

அன்புடன்,
லிடியா


சங்ககிரி
30.7.25

லிடியா கண்ணுக்குச் சின்னாயி எழுதறது.

பேசற மாதிரிதான் எழுத வருது. நான்சி டீச்சர் அப்படியே எழுதச் சொன்னாங்க.

உன்ற காயிதம் கெடைச்சுது. எங்க தெருவுக்கு வார காயிதத்தையெல்லாம் போஸ்ட்மேன் பஸ் ஸ்டாப்புல ராசம்மா இட்லிக் கடையிலதான் குடுத்துட்டுப் போவாரு. நல்ல வேளை. இனிமே ராசம்மா பேருக்கே போடு.

வாசல்ல நின்னது எம்பையன் பூபதி. மழையாச்சேன்னு என்னையக் கூட்டிட்டுப் போக வந்தான். எந்த ஞாயித்துக்கெழமையும் வராதவன்.

பைக்குல வாரப்ப ஒரு வார்த்தை பேசலை. ஊட்டுக்கு வந்து ஈரத்துணியோட எம்பொட்டியத் தொறந்தான். கல்யாணச் சீலைக்கு அடியில மூணு சீட்டும் இருந்துது. வெந்நி அடுப்புல போட்டான். நான் கையப் புடிக்கல. புடிச்சிருக்கோணும். இப்பத் தோணுது.

மருமக பாத்துட்டு நின்னா. அவ பொறந்த ஊட்டுக்குத்தான் என்ற பிரபாவைக் குடுத்தோம். பொண்ணக் குடுத்துப் பொண்ண எடுத்தோம். ஒரே பந்தல்ல ரெண்டு தாலி. இங்கிருந்து போனவ திரும்பி வந்தா அங்கிருந்து வந்தவளும் போயிரோணும். யாரும் எழுதி வெக்கல. ஆனா அதுதான் பேச்சு. பூபதி மாத்தி வாசிச்சது அதுக்குத்தான்னு எனக்கு இப்பப் புரியுது. புரிஞ்சு என்ன பண்ண.

பிரபா செத்து எட்டு வருசம். ஆட்டையாம்பட்டிப் பக்கம் தறிப்பட்டறைக்குப் பின்னால ஒரு கெணறு. கால் வழுக்கிருச்சுன்னு சொன்னாங்க.

நான் கோடு போட்டது நீ வாசிக்க வேண்டாம்னுதான் கண்ணு. ஆனா எழுதாம இருக்கவும் முடியல. அதான் எழுதி அடிச்சேன்.

இனி ஞாயித்துக்கெழமை வர முடியாது. சேலம் பஸ்ஸு ஏறுனா ஊட்டுக்குத் திரும்ப வேண்டாங்கறான்.

ஒண்ணு கேக்கோணும். மூணாவது சீட்டை நான் இன்னும் படிக்கலை. எழுத்துப் பழக ஆரம்பிச்சப்ப, எந்த எழுத்து என்னன்னே தெரியாம, கோலம் போடற மாதிரி அதப் பாத்துப் பாத்து நோட்டுல வரஞ்சு வெச்சேன். கடைசிப் பக்கம். இப்ப அது ஒண்ணுதான் பாக்கி. அதப் பிரிக்காதே. யாரையும் பிரிக்க விடாதே.

சின்னாயி


அஸ்தம்பட்டி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சின்னாயிம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன், மிகவும் சின்னச் சொல்லாக இருந்தது. அதனால் மேலே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அடித்தாலும் தெரியும்.

நான் புத்தகம் நிறையப் படிப்பேன். உண்மையை எழுதுவது நல்லது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. யாருடைய உண்மையை யார் எப்போது வாசிக்கலாம் என்று நான் படித்த எதிலும் இல்லை. அல்லது இருந்தும் நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பிரிக்க மாட்டேன். நோட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கிறேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு. ஆறு பேர்தான் வந்தார்கள். நான்சி அக்கா "முதல் தடவை நீங்களே படித்த வார்த்தை எது?" என்று எழுதச் சொன்னார்கள். உபகாரசாமி தாத்தா "சம்பளப் பட்டியலில் என் பேர்" என்று ஆரம்பித்தார். உங்களுக்கும் அதே கேள்வியை அனுப்பச் சொன்னார்கள். நீங்கள் வராவிட்டாலும் நம் ஆள்தான், தபாலில் வந்தாலும் வருகைதான் என்றார்கள். அதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

எல்லோருடைய எழுத்தையும் சேர்த்து சின்னப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்கள். நான்சி அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் இல்லையா, முதலாளி ஒத்துக்கொண்டாராம். தட்டச்சு செய்வது என் வேலை. கடைசி வகுப்பு செப்டம்பர் 21.

மூன்றாவது சீட்டை மட்டும் ஏன் இன்னும் படிக்கவில்லை? கேட்டது தப்பென்றால் பதில் வேண்டாம்.

லிடியா


சங்ககிரி
12.8.25

லிடியா கண்ணு,

மொதல்ல படிச்சது பஸ் போர்டு. சங்ககிரின்னு. அம்பது வருசம் இந்த ஊர்ல இருந்தவ, அன்னைக்குத்தான் இந்த ஊருப் பேரை நேர்ல பாத்தேன். ச, மேல புள்ளி வெச்ச ங, க, அப்புறம் கி, ரின்னு நான் முடிக்கறதுக்குள்ள பஸ் போயிருச்சு. ராசம்மா உழுந்து உழுந்து சிரிச்சா. "ஏனுங்க்கா, பஸ்ஸுல ஏறதுக்குத்தான் போர்டு, மனப்பாடம் பண்றதுக்கா?"ன்னு கேட்டா. அடுத்த பஸ்ஸையும் விட்டுட்டேன். வேணும்னேதான். அன்னைக்குப் பட்ட சந்தோசத்தை யாருகிட்டச் சொல்ல. கடைப் பேரு, சுவத்துல எழுதுனது, லாரிக்குப் பின்னால எழுதுனது, ஒண்ணு விடல.

லாரிக்குப் பின்னால எழுதறது எம்பையன்தான். பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். அப்ப எங்க ஊட்டு ஆளுகள்ல எழுத்து தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், மருமக புதுசா வந்தவ. முத்து முத்தா எழுதுவான். அதனாலதான் சீட்டு வந்தா அவன்கிட்டக் குடுப்பேன்.

பிரபாவோட போனை அவங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நூல் கட்டு மேல ஒட்டியிருக்கற தாளைக் கிழிச்சு, அதுக்குப் பின்னால எழுதி, நூல் வண்டிக்காரர் கையில குடுத்து உடுவா. பூபதி படிப்பான். "நல்லா இருக்கேன். தறி ஓட்டப் பழகிட்டேன். நோம்பிக்கு வாரேன்"னு படிப்பான். நான் அந்தத் தாளை வாங்கிக் கண்ணுல ஒத்திக்குவேன். பிரபா செத்த பொறவு, அந்த நல்லா இருக்கேனை நானே ஒரு தடவை படிக்கோணும்னு ஆசை. அதுக்குத்தான் அம்பத்தொரு வயசுல முதியோர் கல்வி வகுப்புக்குப் போனேன். நான்சி டீச்சர் சனிக்கெழமை அங்க வருவாங்க.

எழுத்தெல்லாம் தெரிஞ்ச பொறவு மொதச் சீட்டை எடுத்தேன். நல்லாங்கற வார்த்தையத் தேடுனேன். இல்லை. நான்தான் மக்கு, சரியாப் படிக்கத் தெரியலைன்னு ரெண்டு வாரம் நெனச்சுக்கிட்டிருந்தேன். டீச்சர்கிட்ட எனக்கு இன்னும் ந வரலைன்னு கூடச் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் மொத்தமும் படிச்சுட்டேன். "அம்மா இங்க அடிக்கறாங்க"ன்னு இருந்துது. ரெண்டாவதுல "வந்து கூட்டிட்டுப் போ"ன்னு இருந்துது.

மூணாவது ஏன் படிக்கலைன்னு கேட்டே. பயந்தான். இன்னொண்ணும் இருக்குது. அதையும் படிச்சுட்டா எம்புள்ள எனக்குச் சொல்றதுக்கு இனி ஒண்ணுமில்லைன்னு ஆயிரும். படிக்காத வரைக்கும் அவ இன்னும் ஏதோ சொல்ல வாரா. அதான் வெச்சிருந்தேன்.

எப்பவாச்சும் நானே படிப்பேன். வேற யாரும் எனக்குப் படிச்சுச் சொல்ல வேண்டாம். அது மட்டும் போதும்.

சின்னாயி


அஸ்தம்பட்டி
18 ஆகஸ்ட் 2025

சின்னாயிம்மாவுக்கு,

இதை எழுதாமல் விட்டுவிடலாம். உங்களுக்கு எப்படியும் தெரியப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று வகுப்பு முடிந்ததும் தட்டச்சுக்காக எல்லா நோட்டுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். உங்கள் கட்டுரையைத் தட்டச்சு செய்தேன். கோடு போட்டு அடித்த இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். முடிந்ததும் நோட்டை மூடி ரப்பர் பேண்ட் போட்டேன். பிறகு அதைக் கழற்றினேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

தட்டச்சுக்காகத் திறந்தேன் என்று சொல்லலாம். அது பொய். நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து அதில் என்ன இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. பள்ளியில் வேதியியல் வகுப்பில்கூட அதையே நினைத்தேன். எழுத்துத் தெரியாமல் வரைந்தது என்பதால் படிக்கவே வராது, சும்மா பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சில எழுத்துகளுக்குக் கால் இல்லை. சிலவற்றுக்குக் கொம்பு இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் படிக்க வந்துவிட்டது. முழுவதும்.

அதில் இருப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

வாக்கை உடைத்துவிட்டேன். இரவு சாப்பிடவில்லை. அப்பா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

லிடியா


சங்ககிரி
27.8.25

லிடியாவுக்கு,

எனக்கு முன்னால நீ படிச்சுட்டே.

மூணு சீட்டு வந்துது. மூணையும் எனக்கு முன்னால அவன் படிச்சான். மிச்சம் இருந்தது அந்த ஒரு பக்கம். அதை நீ படிச்சுட்டே.

எம்புள்ள எனக்கு எழுதுனதை எல்லாரும் படிச்சாச்சு. நான் மட்டும் பாக்கி.

இனி எழுதாதே.

சின்னாயி


அஸ்தம்பட்டி
2 செப்டம்பர் 2025

சின்னாயிம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்சி அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. பீரோ சாவியை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். திட்டியிருக்கலாம்.

நோட்டைத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். தபாலில் போனால் இன்னொரு கை திறக்கும், அது இங்கேயே இருக்கட்டும், அவர் வந்து எடுத்துக்கொள்வார் என்றார்கள். வராவிட்டால் என்று கேட்டேன். நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

போன ஞாயிறு நான் எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். "குறிப்பு எழுதற பாப்பாவே சும்மா இருந்தா, நாங்கெல்லாம் வந்ததுக்கு என்ன சாட்சி?" என்று உபகாரசாமி தாத்தா பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். அதனால் மறுபடி எழுதுகிறேன். உங்கள் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று எழுதும்போதெல்லாம் யாரால் என்றும் எழுதத் தோன்றுகிறது.

லிடியா


சங்ககிரி
16.9.25

லிடியாவுக்கு,

இருபத்தொண்ணாம் தேதி வாரேன்.

உன்ற மேல இருந்த கோவம் போச்சான்னு கேட்டா, போகல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். அவன் படிச்சுட்டு எங்கிட்டப் பொய் சொன்னான். நீ படிச்சுட்டேன்னு எங்கிட்டச் சொன்னே. ரெண்டும் ஒண்ணில்லை.

பேத்தி யாழினி ரெண்டாவது படிக்கறா. நேத்துப் பாடம் எழுதறப்ப, "அப்பத்தா, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியலை, நீ படிச்சுச் சொல்லு"ன்னா. "நீயே படி சாமி, உனக்குன்னு எழுதுனதை இன்னொருத்தர் வாயில கேக்காதே"ன்னு என் வாய் சொல்லிருச்சு. சொல்லிட்டு நானே உக்காந்துட்டேன். மருமக அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா.

இன்னைக்கு வெடியக்காலம் அரிசிப் பானை மேல ஒரு துண்டுத் தாள் இருந்துது. ஞாயித்துக்கெழமை சேலம் போற பஸ்ஸு நேரம் மூணு எழுதியிருந்துது. கீழ, "அவரு அன்னைக்கு மேட்டூர் போறாரு. போய்ப் படிச்சுட்டு வாங்க அத்தை. வாரது வரட்டும்"னு. ஒன்பது வருசமா ஒரே ஊட்டுல இருக்கறோம். எம்பேருக்கு அவ எழுதுன மொதச் சீட்டு. நானேதான் படிச்சேன். ஒருத்தர்கிட்டயும் குடுக்கலை. படிச்சுட்டு அடுப்புல போட்டேன், அவளுக்கு வம்பு வரக் கூடாதுன்னு.

நோட்டை வெளிய எடுத்து வெக்கச் சொல்லு.

சின்னாயி


அஸ்தம்பட்டி
22 செப்டம்பர் 2025, திங்கள்

அன்புள்ள சின்னாயிம்மாவுக்கு,

நேற்றைய குறிப்பை அனுப்புகிறேன். முதல் பாதி நீங்கள் இருந்தபோது நடந்தது. சரிபாருங்கள். இரண்டாம் பாதி நீங்கள் போன பிறகு நடந்தது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் பாதி.

மாலை நான்கு மணிக்கு வந்தீர்கள். நீல நிறச் சேலை. யாருடனும் பேசாமல் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நான்சி அக்கா நோட்டை உங்கள் மடியில் வைத்தார்கள். நீங்கள் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டீர்கள். நான் எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று.

எழுத்து எழுத்தாக, விரலை வைத்து, சத்தமாகப் படித்தீர்கள். "அம்மா" என்பது சீக்கிரம் வந்துவிட்டது. அடுத்த வரிக்கு நீண்ட நேரம் ஆனது. மாறியிருந்த கொம்புகளைப் பேனாவால் நீங்களே சரிசெய்துகொண்டே போனீர்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. உபகாரசாமி தாத்தா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் படித்தது இது:

"அம்மா. இதை அண்ணன்கிட்டக் குடுக்காதே. ராசம்மாக்காகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லு. வர்ற புதன்கிழமை சாயங்காலம் சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவேன். கடைசி பஸ் போற வரைக்கும் நிக்கறேன். நீ மட்டும் வா."

முடித்த பிறகு முதல் வரிக்குத் திரும்பிப் போனீர்கள். அதை மறுபடி படித்தீர்கள். பிறகு சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "கையக் கழுவிட்டு, அழுக்குப் படாம எடுத்துட்டுப் போயி, நானேதான் அவன் கையில குடுத்தேன்."

அடுத்து: "அந்தப் புதன்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். அந்த பஸ் ஸ்டாண்டுலதான் எறங்குனேன். மூணு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டேன். வெள்ளிக்கெழமை சேதி வந்துது."

நான்சி அக்கா தண்ணீர் கொடுத்தார்கள். நீங்கள் குடிக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள். எங்கே என்று நான்சி அக்கா கேட்டதற்கு, "சங்ககிரி பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கோணும். கடைசி பஸ் போற வரைக்கும்" என்றீர்கள். வாசலில் என் தலையில் கை வைத்தீர்கள். அது மன்னிப்பா, நிலை தடுமாறிப் பிடித்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். அப்போது மணி ஐந்து இருபது. குடையை இந்தத் தடவையும் மறந்துவிட்டீர்கள்.

இரண்டாம் பாதி.

நீங்கள் போன பிறகு யாரும் எழுந்து போகவில்லை. அச்சடித்து வந்த புத்தகக் கட்டு பிரிக்காமல் மேசை மேலேயே இருந்தது. ஒருவர் வாசித்து முடித்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, எந்த வரி நினைவில் நிற்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம் இல்லையா? பழக்கத்தில் நான்சி அக்கா "எந்த வரி..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றார் உபகாரசாமி தாத்தா.

ஆறு மணிக்கு உங்கள் மகன் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கையில் நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"எங்கம்மா வந்துச்சுங்களா? மேட்டூர்ல இருந்து வந்து பாத்தா ஊட்டுல இல்லைங்க."

நான் எழுந்து, "வந்தாங்க. போயிட்டாங்க" என்றேன்.

"எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் உங்களைத் தேடி வந்து ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் அவர் முகம் அப்படி இல்லை. "சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு. கடைசி பஸ் போற வரைக்கும் நிப்பாங்களாம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அது எரிஞ்சு போச்சே" என்றார்.

"எழுத்துப் பழகும்போதே அதைப் பாத்து நோட்டுல வரைஞ்சு வெச்சிருந்தாங்க."

நான்சி அக்கா அவர் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள். உட்கார்ந்தார். மறுபடி என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்: "மொத வரியும் படிச்சுதா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் பழைய கரும்பலகையில் வகுப்பு வகுப்பாக எழுதி அழித்த தடம் இருக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக அந்த வரியைத் தெரிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. இரக்கப்பட்டேனா என்றால் இல்லை. ஆனால் அவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆறரைக்கு மன்றத்தைப் பூட்ட வேண்டும். உபகாரசாமி தாத்தா நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தார். கடைசியில் பூபதி உட்கார்ந்திருந்தது மட்டும் நடுவில் மிச்சம் இருந்தது. "பூபதி, எந்திரிங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னா இப்பப் போனாத்தான் ஆகும்" என்றார் தாத்தா. "எங்கம்மா எம்மூஞ்சியப் பாக்குமா?" என்று அவர் கேட்டார். தாத்தா வாசலில் கிடந்த அவர் செருப்பைத் திருப்பி வைத்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றோம். நான் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டை மடியில் வைத்துக் கடைசி வரியை எழுதினேன். அதையும் அப்படியே தருகிறேன்:

"மாலை 6.40. பூபதி உள்ளே இருக்கிறார். நான்சி அக்கா விளக்குகளை அணைத்தார்கள்."